குரல் வளத்துக்கு இருபது மதிப்பெண்

டார்லினுக்குக் ககரம் ஆகாது. பகரமும் சுமார்தான். அந்த எழுத்தில் தொடங்கும் சொல் வரிசையில் வருவது தெரிந்ததுமே தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். எட்டு வயதிலிருந்து இப்படித்தான். அதனால் பேச்சுக்கு அவள் சுற்றுவழிகள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். கடை என்று சொல்ல மாட்டாள், ஸ்டோர் என்பாள். பள்ளிக்கூடத்தை ஸ்கூல் ஆக்கிவிடுவாள். பாபநாசத்தில் இறங்க வேண்டியிருந்தாலும் விக்கிரமசிங்கபுரத்துக்கே டிக்கெட் எடுத்து மிச்சத்தை நடந்துவிடுவாள். யாராவது பெயரைக் கேட்டால்தான் வழியே கிடையாது. டகரம் வருவதும் வராததும் அன்றன்றைய நாளைப் பொறுத்தது.

இப்படிப்பட்ட பெண், சபையார் ஐயர் என்று அழைக்கும் போதகராவதற்குக் குருத்துவப் படிப்புக்குப் போகிறேன் என்று நின்றபோது வீட்டில் என்ன சொல்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பா தேவஇரக்கம் விக்கிரமசிங்கபுரத்து நூல் மில்லில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். மில் இரைச்சலில் கத்திப் பேசியே பழகிய மனிதர், அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏட்டி, ஐயர் வேலைன்னா பேச்சுதான வேலையே. உனக்கு ஏன் இந்தக் கஷ்டம்?"

"தெரியும்ப்பா. ஆனா இதுதான் வேணும்."

அது வெள்ளம் வந்த மார்கழிக்குப் பிறகு நடந்தது. ஆற்று வெள்ளம் ஊர்களுக்குள் புகுந்த அந்த வாரம், சபை வாலிபர்களோடு டார்லினும் ஆற்றோரக் கிராமம் ஒன்றுக்குச் சோறு பொங்கிப் போடப் போயிருந்தாள். இரண்டு மாடுகளையும் வீட்டுச் சுவரையும் தண்ணீருக்குக் கொடுத்த ஒரு பெண், வாங்கிய சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். டார்லின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மத்தியானம் முழுக்க ஒரு சொல் பேசவில்லை. சாயங்காலம் அந்தப் பெண்ணே, "நீயும் தின்னு தாயி" என்று தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். அன்று திரும்பி வரும் வேனில் டார்லின் முடிவு பண்ணிவிட்டாள்.

தேர்வுக் குழுவின் முன்னால் இதைச் சொல்லி முடிக்க அவளுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. பாளையங்கோட்டையில் இருந்த அந்த இறையியல் கல்லூரி அவளை ஒரு நிபந்தனையோடு எடுத்துக்கொண்டது. இரண்டாம் ஆண்டு முடிவில் ஓர் ஆராதனையை முழுதாக நடத்தி, பதினைந்து நிமிடம் பிரசங்கம் செய்து காட்ட வேண்டும். தேறினால் குருத்துவப் படிப்பு தொடரும். தேறாவிட்டால் இரண்டு வருடச் சான்றிதழோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வேதாகமத்தில் திக்குவாயுள்ள ஒருவர் பெரிய தலைவரானதை அந்த இரண்டு வருடத்தில் அவளுக்கு எடுத்துச் சொல்லாத ஆளில்லை. அவருக்குப் பதிலாகப் பேச ஓர் அண்ணன் கூடவே இருந்தார் என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

முதல் வருடம் வகுப்பில் நடந்த பயிற்சிப் பிரசங்கத்துக்கு அவள் மூன்று வாரம் தயாரானாள். ககரத்திலோ பகரத்திலோ தொடங்கும் சொல் இல்லாமல் எழுதினாள். கர்த்தர் வந்த இடமெல்லாம் ஆண்டவர் என்று மாற்றினாள். ஆனால் வேத வசனத்தை மாற்ற முடியாது. அன்றைக்கு அவளுக்கு வந்த வசனத்தின் முதல் சொல்லே கர்த்தர். எழுந்து நின்றாள். மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. முப்பது வினாடி, நாற்பது வினாடி. கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் அந்தச் சொல்லை அவளுக்காகச் சொல்லிக் கொடுத்தான். நல்ல மனதோடுதான் சொன்னான். அவள் தலை குனிந்து, மிச்சத்தை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பிரசங்கக் கலை நடத்திய குணசீலன் ஐயா கொடுத்த மதிப்பெண் தாளில் ஐந்து கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இருபது. பொருள் விளக்கத்துக்குப் பதினேழு போட்டிருந்தார். குரல் வளத்துக்கு மூன்று.

"எழுதுனது அவ்வளவு நல்லாருக்கு டார்லின்," என்றார். "ஆனா சபை காத்துக்கிட்டு இருக்காதம்மா. அதுக்குத்தான் யோசிக்கேன்."

இரண்டாம் வருடம் வார இறுதிப் பயிற்சிக்கு மாணவர்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். ராதாபுரம் பக்கம் போனவர்கள் காற்றாலையையும் பனங்காட்டையும் படம் பிடித்துக்கொண்டு, பனங்கிழங்குக் கட்டோடும் கல்யாண வீட்டுக் கதைகளோடும் துட்டி கேட்கப் போன சாவு வீட்டுக் கதைகளோடும் திரும்பினார்கள். டார்லினுக்குக் கிடைத்தது விடுதியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், காது கேளாதோர் ஞாயிறு மாலை கூடும் சின்ன ஆலயம்.

"அங்கன உனக்குப் பேச வேண்டிய நெருக்கடி இருக்காது," என்றார் குணசீலன் ஐயா. அதை ஓர் உதவியாகவே நினைத்துச் செய்திருந்தார். அன்று அவள் விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

முதல் சில வாரம் நாற்காலி போட்டாள், மெழுகுவர்த்தி ஏற்றினாள், ஓரமாக நின்றாள். அறுபது பேர் வருவார்கள். மாதத்துக்கு ஒருமுறை ஓர் ஐயர் வந்து பிரசங்கம் செய்வார். அதைச் சைகை மொழியில் சொல்பவள் நித்யா. காது கேளாதோர் பள்ளியில் ஆசிரியை. டவுனில் சைவக் குடும்பத்துப் பெண். தம்பி பிறவியிலேயே காது கேளாதவன் என்பதால் பேச்சு வருவதற்கு முன்பே கைப்பேச்சு வந்தவள்.

"காலைல நெல்லையப்பர் கோயில், சாயங்காலம் இந்தக் கோயில்," என்று சிரித்தாள். "என்னை விடு. நீ என்ன சுவரோட சுவரா நிக்க? வந்து கையை நீட்டு."

டார்லின் கையை நீட்டினாள். சைகை மொழிக்கு ஒரு சொல்லை எந்த எழுத்தில் தொடங்குவது என்ற தொல்லையே இல்லை என்பது அவளுக்கு நாலைந்து வாரத்தில் பிடிபட்டது. கடையும் பள்ளிக்கூடமும் கர்த்தரும் விரலுக்கு ஒன்றுபோலத்தான் வந்தன. மாரித்தாய் என்று ஒரு தையல்காரி, டார்லின் வயதுதான் இருக்கும், ஒருநாள் அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இடது புருவத்தில் சைக்கிளிலிருந்து விழுந்து வந்த தழும்பை ஒரு விரலால் தொட்டுக் காட்டினாள். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் புருவத்தைத் தொட்டுக்கொண்டார்கள்.

"உனக்குப் பேரு வச்சாச்சு," என்றாள் நித்யா. "இனிமே இங்க நீ அதுதான்."

அன்று விடுதிக்கு நடக்கும் வழியெல்லாம் டார்லின் நாலைந்து தடவை புருவத்தைத் தொட்டுத் தன் பெயரைத் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

எட்டு மாதம் போயிற்று. தெரியாததை நித்யாவிடம் கேட்பாள், மற்றவர்களோடு தானே பேசுவாள். மாரித்தாயின் புருஷன் யேசுவடியான் வெல்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவன். அவனுக்கும் காது கேளாது, வேடிக்கை பேசுவதில் கெட்டிக்காரன். மாரித்தாய் முழுகாமல் இருந்தாள். பிரசவம் நெருங்கியது. டார்லினின் பரீட்சைப் பிரசங்கமும் நெருங்கியது. கல்லூரி ஆலயத்தில் ஞாயிறு காலை என்று நாள் குறித்திருந்தார்கள்.

அதற்கு ஒன்பது நாளுக்கு முன்னால், வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அவள் பிரசங்கத்தை ஏழாவது தடவையாகத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தபோது போனில் வீடியோ அழைப்பு வந்தது. திரையில் யேசுவடியான். பின்னால் ஆஸ்பத்திரி வராந்தா. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவன் சொன்னது பாதிதான் புரிந்தது. வலி வந்துவிட்டது, டாக்டர் ஏதோ சொல்லுகிறார், விளங்கவில்லை, நித்யா கோவில்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள், நீ வா.

ஆட்டோ பிடித்துப் போனாள். மாரித்தாய் கட்டிலில் கிடந்தாள். முகம் வெளுத்திருந்தது. டார்லினைக் கண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்பது. வயிற்றில் வைத்த கருவியைப் பார்த்து எல்லோரும் வாய் அசைத்துக்கொண்டிருந்தார்கள், அவளைப் பார்த்து ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

டாக்டர் ஐம்பது வயது அம்மாள். டார்லினைத் தனியே அழைத்துச் சொன்னார். "பிள்ளையோட இதயத் துடிப்பு குறையுது. உடனே ஆபரேஷன் பண்ணணும். அவங்க ரெண்டு பேருக்கும் விவரமாச் சொல்லும்மா. எப்ப சாப்பிட்டா, ஏதாவது மருந்து ஒத்துக்காதா, கேட்டுச் சொல்லு."

டார்லின் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றாள். பிள்ளை உயிரோடு இருக்கிறது. களைத்திருக்கிறது. வயிற்றைத் திறந்து எடுப்பார்கள். உனக்கு வலிக்காது. நான் எங்கேயும் போகமாட்டேன். கைகள் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. மாரித்தாய் மூச்சு விட்டாள். காலையில் ஒரு டம்ளர் காப்பிதான், என்றாள். பிறகு மணிக்கட்டில் ஊசி போடுவதுபோலக் காட்டி, தொண்டையைப் பிடித்து, முகம் வீங்குவதைக் காட்டி, ஒரு மருந்தின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக விரலில் சொன்னாள். பெனிசிலின்.

நர்ஸ் மருந்து அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். டாக்டர் அறைக் கதவைத் தள்ளியபடி, "ஒத்துக்காத மருந்து உண்டா?" என்று திரும்பிப் பார்த்தார்.

டார்லின் வாயைத் திறந்தாள். தாழ்ப்பாள் விழுந்தது.

அந்த மருந்துக்கு வேறு பெயர் அவளுக்குத் தெரியாது. சுற்றுவழி இல்லை, எழுதிக் காட்டலாம் என்பதும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. வழக்கமாக இந்த இடத்தில் அவள் தலையைக் குனிந்து, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிடுவாள். இப்போது ஆட்டவில்லை. ஒருத்தியின் உயிர் அந்த ஒரு சொல்லில் இருந்தது. அவள் டாக்டரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே அந்த எழுத்தோடு மல்லுக்கு நின்றாள்.

டாக்டர் கதவிலிருந்து கையை எடுத்தார். "பைய சொல்லு. நான் நிக்கேன்," என்றார்.

"ப... ப... ப... பெனிசிலின். போ... போட்டா மூச்சு முட்டும். முகம் வீங்கும்."

"பெனிசிலின். சரி," என்று டாக்டர் திருப்பிச் சொன்னார். நர்ஸ் அட்டையில் சிவப்பு மையில் எழுதினாள். எல்லாமாகச் சேர்த்து அரை நிமிடம்தான் ஆகியிருக்கும்.

முக்கால் மணி நேரம் கழித்து, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் துணியில் சுற்றிய பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். பெண் பிள்ளை. யேசுவடியான் அதன் திறந்த வாயைப் பார்த்துவிட்டு டார்லினைப் பார்த்தான். அழுகிறது, நல்ல சத்தமாக அழுகிறது என்று அவள் கையால் சொன்னாள். அவன் அங்கேயே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். அவளும் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை அவள் கல்லூரி முதல்வர் அறைக்குப் போனாள். குணசீலன் ஐயாவும் இருந்தார். பரீட்சைப் பிரசங்கத்தைக் காது கேளாதோர் ஆராதனையில், சைகை மொழியில் செய்ய அனுமதி வேண்டும் என்று கேட்டாள். எழுதிக்கொண்டு போகவில்லை. வாயால்தான் கேட்டாள். எவ்வளவு நேரம் பிடித்ததோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள்.

குணசீலன் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா பரீட்சைக்குப் பயந்து ஒதுங்குதான்னு குழுவுல சொல்லுவாங்கம்மா. அதுக்கு என்ன சொல்லுவ?"

"எட்டு மாசமா என் சபை அதுதான் ஐயா. என் சபையிலதான நான் ப... பிரசங்கம் ப... பண்ணணும்."

முதல்வர் குணசீலன் ஐயாவைப் பார்த்தார். விதியில் இடம் எது என்று எழுதவில்லை, மொழி எது என்றும் எழுதவில்லை. நேரத்தை மட்டும் மாலைக்கு மாற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேவஇரக்கம் சலவைச் சட்டையில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மதிப்பிட வந்தவர்கள் மூன்று பேர், குணசீலன் ஐயாவையும் சேர்த்து. நடுவில் இருந்தவர், ஊர்ச் சபைகளையெல்லாம் நிர்வகிக்கும் திருமண்டலத்தின் பிரதிநிதி வேதமுத்து, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நித்யா பக்கவாட்டில் மைக்கோடு நின்றாள். இவ்வளவு நாள் காதில் கேட்டதைக் கையில் சொன்னவள், இன்று கையில் பார்ப்பதை வாயில் சொல்ல வேண்டும்.

டார்லின் பீடத்துக்கு ஏறவில்லை. எல்லோருக்கும் கை தெரிகிற இடமாகப் பார்த்து முன்னால் நின்றாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற ஒரு தகப்பனைப் பற்றிச் சொன்னாள். உள்ளே பிள்ளை அழுகிறதா என்று அவனுக்குக் கேட்காது. ஆனால் அவன் கண்ணை எடுக்கவில்லை. நம்முடைய ஜெபத்தை ஆண்டவர் கேட்கிறார் என்று எல்லா ஆலயத்திலும் சொல்லுகிறார்கள், கேட்பது என்றால் என்னவென்று நமக்குத் தெரியாது. கண்ணை எடுக்காமல் இருப்பது நமக்குத் தெரியும். அதனால் நான் அப்படியே சொல்லுகிறேன், ஆண்டவர் நம்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

அந்த இடத்தில் நித்யாவின் குரல் கொஞ்சம் இடறியது. முன் வரிசையில் இருந்த யேசுவடியான் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஆராதனை முடிந்ததும் குழு அங்கேயே ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தது. சபையார் கலையவில்லை. வேதமுத்து மதிப்பெண் தாளைத் தட்டினார்.

"நாலு கட்டம் சரி. அஞ்சாவது குரல் வளம். இதுல என்னத்தப் போட? பேசுனது நித்யா டீச்சர் குரல். அவங்களுக்கா மார்க் போட முடியும்?"

நித்யா அதையும் கையால் சபைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். யேசுவடியான் எழுந்தான். அவன் கை வேகமாகப் போயிற்று. நித்யா குரல் கொடுத்தாள்.

"எனக்குக் காது கேக்காததுக்கு இந்தப் பிள்ளைக்கு ஏன் மார்க்கைக் குறைக்கீங்க? பன்னெண்டு வருஷமா நான் பிரசங்கத்துக்கு வாரேன். பிரசங்கம் பண்ணுத ஐயர் கை என்கூடப் பேசுனது இன்னைக்குத்தான்."

வேதமுத்து டார்லினிடம் திரும்பினார். குரலில் கடுமை இல்லை.

"இங்கன நல்லாச் செஞ்சிட்ட. ஒத்துக்கிடுதேன். நாளைக்கு உன்னை ராதாபுரம் பக்கம் ஒரு சேகரத்துச் சபைகளுக்கு மாத்துனா என்னம்மா செய்வ?"

நித்யா மைக்கை இறக்கினாள். டார்லின் வாயைத் திறந்தாள். கதவு சாத்திக்கொண்டது. அவள் காத்திருந்தாள். மேசையில் இருந்தவர்களும் காத்திருந்தார்கள்.

"கா... காது கேக்காதவங்க அங்கயும் இருப்பாங்க சார். அவங்களத் தேடிப் போவேன். கே... கேக்கவங்க கொஞ்சம் பொ... பொறுத்துக்கிடுவாங்க."

குணசீலன் ஐயா முதலில் சிரித்தார். அப்புறம் வேதமுத்துவும். "பொறுத்துக்கிடுவாங்க," என்று தனக்குள் சொல்லிக்கொண்டே அவர் ஐந்தாவது கட்டத்தின் மேல் கோடு இழுத்து, 'பொருந்தாது' என்று எழுதினார். எண்பதுக்கு அறுபத்தாறு. குணசீலன் ஐயா அதை நூற்றுக்குக் கணக்குப் போட்டு எண்பத்திரண்டரை என்றார். "அரை எதுக்கு, முழுசாக்கிடுவோம்," என்று வேதமுத்து சொல்லி, எண்பத்து மூன்றாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நித்யா அந்த எண்ணைக் கையில் காட்டியதும் அறுபது பேரின் கைகளும் மேலே எழுந்து விரல் விரித்து ஆடின. அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். தேவஇரக்கம் ஒன்றும் புரியாமல் தானும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். தோள்பட்டைக்குக் கீழே சட்டை வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏட்டி, தேறிட்டதான?" என்று கிட்டே வந்து கேட்டார்.

"தேறிட்டேன்ப்பா."

"அப்ப சரி. ரெண்டு வருஷமா நெஞ்சுல ஒரு கல்லை வச்சிக்கிட்டே சோறு தின்னேன்." அவர் அவள் தலையில் கை வைத்தார், எடுக்க மறந்ததுபோலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு யேசுவடியான் பக்கம் போய், அவன் போனில் காட்டிய பிள்ளைப் படத்தைக் குனிந்து பார்த்து, மில் நாட்களில் பேசுவதுபோல உரக்க, "மூக்கு உன்னையப் போலவே இருக்குடே," என்றார். அவன் உதட்டைப் படித்துவிட்டுத் தன் மூக்கைத் தொட்டுச் சிரித்தான்.

அப்பாவைப் பஸ் ஏற்றிவிட்டு விடுதிக்கு வந்த டார்லின், உடுத்திய சேலையோடு கட்டிலில் விழுந்தாள். அறைத் தோழி சாப்பாட்டு மணிக்கு எழுப்பிப் பார்த்தாள், முடியவில்லை. விடிந்து ஆறரைக்குக் கண் விழித்தபோதுதான் அன்று கிரேக்க மொழித் தேர்வு என்பது அவளுக்கு நினைவு வந்தது. ஒரு வரி படித்திருக்கவில்லை. தேர்வுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அவள் புரண்டு படுத்து இன்னும் பத்து நிமிடம் தூங்கினாள்.